சஹன்: ஒரே தட்டில் பெருநாள்

அருள்மறை முழுவதிலும் 'ஈத்' என்னும் சொல் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 114ஆம் வசனம் அது. வானத்திலிருந்து உணவு இறங்க வேண்டும், அந்நாள் தம்மவருள் முதலில் வந்தோர்க்கும் பின்வருவோர்க்கும் பெருநாளாக அமைய வேண்டும் என்று ஈஸா நபி (அலை) அவர்கள் இறைஞ்சும் இடம். தமிழில் மொழிபெயர்த்தோர் சிலர் அந்த அத்தியாயத்தின் பெயரை 'உணவுத் தட்டு' என்றே ஆக்கினர். பெருநாளும் பகிர்ந்துண்ணும் தட்டும் ஒரே மூச்சில் பேசப்படும் இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வழங்கும் சஹன் உணவு முறையின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

'சஹன்' அரபுச் சொல். அகன்ற தட்டு என்பது அதன் பொருள். பள்ளிவாசலின் திறந்த முற்றத்துக்கும் அரபியில் அதே பெயர்தான். தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் இடத்துக்கும், முழங்காலோடு முழங்கால் சேர்ந்து உண்ணும் கலத்துக்கும் ஒரே சொல் வாய்த்திருப்பது மொழியின் தற்செயலே. ஆயினும் அழகான தற்செயல்.

சொற்கள் ஒரு திசையில் மட்டும் பயணம் செய்யவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் பயணி இப்னு பதூதா மேலைக் கடற்கரையின் ஹின்னவ்ரில், அதாவது இன்றைய ஹொன்னாவரில், தாம் உண்ட விருந்தை விரிவாக வருணித்திருக்கிறார். செம்பாலான ஒரு சிறு மேசையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதன்மேல் ஒரு செப்புத் தட்டு. சோற்றை அகப்பையால் அள்ளி வைத்து, நெய் ஊற்றி, ஊறிய மிளகும் இஞ்சியும் எலுமிச்சையும் மாங்காயும் பக்கத்தில் வைக்கிறார்கள். ஒவ்வோர் அகப்பைச் சோற்றுக்கும் ஒவ்வொரு கறி, இறுதியில் தயிர். அந்தத் தட்டுக்கு ஊரார் வழங்கிய பெயரையும் அவர் கேட்டு எழுதிவைத்தார்: 'தாலம்'. தமிழிலும் உண்கலத்துக்குப் பெயராக உள்ள சொல்தான். அரபுப் பயணி நம்மவரின் தாலத்தைத் தம் ஏட்டில் எடுத்துச் சென்றார். அரபு வணிகரின் சஹனை நம்மவர் வீட்டில் வைத்துக்கொண்டனர். ஒரு கொடுக்கல் வாங்கலின் இரு பக்கங்கள் இவை.

அவரே இன்னொன்றும் சொல்கிறார். மாலத்தீவு, இலங்கை, மலபார், மஅபர் ஆகிய நாடுகளில் மூன்றாண்டுகள் சோற்றையே உண்டு சலித்து, தண்ணீரின் துணையின்றி அதை விழுங்க முடியாத நிலைக்கு ஆளானாராம். மஅபர் என்று அரபியர் அழைத்தது நம் சோழமண்டலக் கரையைத்தான். ரொட்டி உண்டு வளர்ந்த மொராக்கோக்காரரின் இந்தச் சலிப்பு நமக்குப் புன்னகை வரவழைக்கலாம். ஆனால் வரலாற்றாசிரியனுக்கு அது ஒரு சான்று. அரபுலகில் பெருந்தட்டின் உணவு 'தரீத்', அதாவது இறைச்சிச் சாற்றில் ஊறிய ரொட்டி. அந்தத் தட்டு இக்கரைக்கு வந்தபோது ரொட்டி அதோடு வரவில்லை. முறை அரபு முறையாகவே இருக்க, பண்டம் முழுக்க முழுக்க இம்மண்ணின் பண்டமாயிற்று.

காயல்பட்டினத்தின் விருந்தைக் காண்போர் இதை எளிதில் உணர்வர். கப்பலேறி வந்த குதிரைகளுக்காக மார்க்கோ போலோவின் ஏட்டில் இடம்பெற்ற காயல் துறைமுகத்தின் பெயரையும் மரபையும் சுமக்கும் ஊர் அது. அங்கு விருந்துக்குக் 'களறி' என்று பெயர். நெய்ச்சோறும், களறிக் கறியும், கத்தரிக்காயும் மாங்காயும் பருப்பும் சேர்ந்த ஆணமும் சஹனில் வந்து அமரும். 'ஆணம்' என்ற சொல்லையும் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். தமிழகத்தின் பிற வீடுகளில் குழம்பு என்ற சொல் நிலைத்துவிட்ட பின்னும், முஸ்லிம் வீடுகளில் ஆணம் மறையவில்லை. அகராதிகள் இச்சொல்லுக்குக் குழம்பு என்ற பொருளோடு நேயம் என்ற பொருளையும் தருகின்றன. பின்னைய பொருளில் கலித்தொகையிலேயே அது காணப்படுகிறது. தட்டின் பெயர் அரபு, தட்டில் ஊற்றப்படுவதன் பெயர் பழந்தமிழ். நம் சமூகத்தின் வரலாற்றை எழுத முனைவோர் கல்வெட்டுகளைத் தேடுமுன் அடுக்களைச் சொற்களைத் தொகுத்தால் பயன் பெறுவர் என்பது எம் நெடுநாள் எண்ணம்.

பெருநாள் காலையின் வட்டிலப்பமும் அவ்வாறே. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலம் ஆகியவை சேர்ந்து ஆவியில் வேகும் இப்பண்டம், டச்சுக்காரர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களின் 'ஸ்ரீகாயா'வோடு நெருங்கிய ஒப்புமை உடையது. அவர்கள் வழியே வந்தது என்பதே பரவலான கருத்து. பெயரோ வட்டில், அப்பம் என்ற இரு தமிழ்ச் சொற்களின் சேர்க்கை. இலங்கையில் கித்துள் வெல்லம், இக்கரையில் பனங்கருப்பட்டி. கீழக்கரையில் புகழ்பெற்ற தொதல், மலாய் நாடுகளில் 'டோடோல்' என்னும் பெயரில் வழங்குவதை யாவரும் அறிவர். வங்காள விரிகுடாவைச் சுற்றியிருந்த உறவுகளின் வரைபடத்தை நாம் ஆண்டுக்கு இருமுறை உண்டு தீர்க்கிறோம்.

இனி, சஹனில் உண்பது நபிவழியா, ஊர்வழக்கா என்ற கேள்விக்கு வருவோம். இதைப் பற்றி இளைஞரிடையே வாதம் நடப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். ஒரு சாரார் இதைக் கட்டாயம்போலப் பேசுகின்றனர். மறுசாரார் சுகாதாரத்தைக் காட்டி இகழ்கின்றனர். சான்றுகளைப் பார்த்தால் இரு சாராரும் அவசரப்படுவது புரியும்.

நபி (ஸல்) அவர்களிடம் 'அல்ஃகர்ரா' என்ற பெயருடைய ஒரு பெருங்கலம் இருந்தது. நால்வர் சுமக்க வேண்டிய அளவு பெரியது. முற்பகல் தொழுகைக்குப் பின் அதில் தரீத் வைக்கப்படும். தோழர்கள் சூழ்ந்து அமர்வர். கூட்டம் மிகுந்தபோது அண்ணலார் முழங்காலிட்டு ஒடுங்கி அமர்ந்ததையும், அதைக் கண்டு வியந்த ஒரு நாட்டுப்புற அரபி இது என்ன அமர்வு என்று கேட்டதையும் அபூதாவூத் பதிவு செய்திருக்கிறார். பிறருக்கு இடம்விட்டு ஒடுங்கி அமரும் அந்தத் தோற்றத்தை இன்றும் சஹனைச் சுற்றி அமர்வோரிடம் காணலாம். உண்டும் வயிறு நிறையவில்லை என முறையிட்ட தோழர்களுக்குச் சேர்ந்து உண்ணும்படி அண்ணலார் அறிவுறுத்திய செய்தியும் அதே நூலில் உண்டு.

மறுபுறம், அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் சேர்ந்து உண்பதிலும் தனித்தனியே உண்பதிலும் குற்றமில்லை என்று தெளிவாகக் கூறுகிறது. துணைக்கு ஒருவர் கிடைக்காத வரை உண்ண மறுத்துப் பசியோடு காத்திருந்த அரபுக் குலத்தார் சிலரின் சங்கடத்தை நீக்க இவ்வனுமதி வந்ததாக விரிவுரையாளர்கள் கூறுவர். எனவே சஹன் கட்டாயமன்று. சேர்ந்துண்பது விரும்பத்தக்க பண்பு. அதற்கு நம் முன்னோர் கண்ட வடிவம் சஹன்.

அந்த வடிவத்தின் உயிர் தட்டில் இல்லை, தட்டைச் சுற்றிய ஒழுக்கத்தில் இருக்கிறது. சிறுவராக இருந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) அவர்களின் கை கலம் முழுவதும் அலைந்தபோது, பிஸ்மி சொல்லி, வலக்கையால், தமக்கு அருகில் உள்ளதை உண்ணுமாறு நபியவர்கள் கற்பித்தார்கள். சேர்ந்துண்ணும்போது தோழரின் அனுமதியின்றி இரண்டு பேரீச்சம் பழங்களை ஒன்றாக எடுப்பதை அண்ணலார் தடுத்ததாக, பஞ்சம் நிலவிய ஓராண்டில் இப்னு உமர் (ரலி) நினைவூட்டினார். இந்த இரண்டாம் செய்தி நமக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தனித்தட்டில் உண்பவனுக்குப் பேராசை அவனுடைய சொந்த விவகாரம். சஹனில் ஒவ்வொரு கவளத்துக்கும் சாட்சிகள் உண்டு. காயலில் பெரும்பாலும் இருவர் மூவர், இலங்கையில் ஆறு பேர்வரை ஒரு சஹனில் அமர்கின்றனர். பெரியவர் நல்ல இறைச்சித் துண்டைப் பக்கத்திலிருக்கும் சிறுவனிடம் தள்ளிவிடுவதும், பின்தங்கி உண்பவர் கூச்சப்படாதிருக்க முன்முடித்தவர் கையை எடுக்காமல் காத்திருப்பதும் ஏட்டுப் பாடம் இன்றியே தலைமுறைகளுக்குக் கைமாறின. முதலாளியும் கணக்கப்பிள்ளையும் ஒரே சஹனில் அமர நேர்ந்ததும் உண்டு. அமராமல் தவிர்க்க இடம் தேடியவர்களும் உண்டு. மரபைப் போற்றுவதற்காக இரண்டாவதை மறைக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குள் வந்தால் இன்னொரு குறையும் தென்படுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான மகள் தாய்வீட்டிலேயே தங்குவதும், வீடு பெண்மக்களுக்கே சேர்வதும் வழக்கம். அதனால் பெருநாள் விருந்து பாட்டி, தாய், மகள் என்ற பெண்வழியில் நிலைபெற்றது. மருமகன் அங்கே விருந்தாளி. அந்நூர் வசனம் எவரெவர் வீட்டில் உண்ணலாம் எனக் கூறுமிடத்தில் தாயாரின் வீட்டைத் தனியே பெயர் சொல்லிக் குறிப்பதை இவ்வூரார் மகிழ்வோடு எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் வீடு பெண்ணுடையதாக இருந்தும், விடியுமுன் எழுந்து தேங்காய் துருவிப் பாலெடுத்தவள் பெருநாளன்று கடைசியில் உண்ணும் நிலை பல வீடுகளில் இருந்தது, இருக்கிறது. பெண்களுக்கெனச் சஹன்கள் விரியும் களறிகளில் இந்நிலை இல்லை. வீட்டு விருந்தே இதில் பின்தங்கியிருக்கிறது.

2020ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த நோன்புப் பெருநாளைக் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிவாசல்கள் மூடியிருக்க வீடுகளிலேயே தொழுது கழித்தோம். அவ்வாண்டு நோன்புக் கஞ்சிக்குப் பள்ளியில் கூடவில்லை. சஹனைச் சுற்றிக் கூடுவது நோயைப் பரப்பும் என்று விலக்கப்பட்டது, அது சரியான விலக்கே. ஆனால் நோய் தணிந்த பின்னும் தனித்தட்டு பல மண்டபங்களில் தங்கிவிட்டது. கழுவுவது எளிது, பரிமாறுவது விரைவு என்கின்றனர். ஹாங்காங்கிலும் வளைகுடாவிலும் வாழும் காயலர் வீடுகளில் நால்வர் கூடுவதே அரிது என்பதும் உண்மை.

இந்நிலையில் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. இத்தனை சஹனுக்கு எத்தனை படி அரிசி, எத்தனை தேங்காய், முதற்பால் எப்போது, கருப்பட்டியைக் காய்ச்சும் பதம் எது என்ற கணக்கெல்லாம் முதிய பெண்களின் நினைவிலும் களறிச் சமையற்காரர்களின் கைப்பழக்கத்திலும் மட்டுமே இருக்கின்றன. அடுத்த பெருநாளில் வீட்டுக்கு ஒருவர் தாளும் எழுதுகோலுமாக அடுக்களைக்குள் சென்று, பாட்டி சொல்லச் சொல்ல, அவர் சொல்லும் அதே சொற்களில், ஊர்ப் பெயரும் ஆண்டும் குறித்து எழுதிவைக்கட்டும். எழுதி முடித்ததும் முதல் சஹனில் அவரை அமர்த்தட்டும்.