பழ ஈயில் ஆண் மலட்டுத்தன்மை

பழ ஈயில் ஆண் மலட்டுத்தன்மை என்பது, டுரோசோஃபிலா மெலனோகாசுட்டர் என்னும் பழ ஈயின் ஆண்களில் விந்தணு உருவாக்கமோ அதன் இயக்கமோ மரபணுக் குறைபாட்டால் தடைப்படும் நிலையாகும். கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் இச்சிறு ஈ சுமார் பத்து நாட்களில் ஒரு தலைமுறையை முடிப்பதால், மலட்டுத்தன்மையின் மரபியலை அறிய மிகவும் பயன்பட்டுள்ளது.

ஒய் நிறப்புரி

மனிதரில் ஆண்பாலைத் தீர்மானிப்பது ஒய் நிறப்புரி (குரோமோசோம்). பழ ஈயில் அவ்வாறன்று. ஒய் இல்லாமல் ஒரே ஒரு எக்ஸ் நிறப்புரியுடன் தோன்றும் ஈ, தோற்றத்தில் ஆணே. பெண் ஈயுடன் இணையவும் செய்யும். ஆயினும் அதற்குச் சந்ததி உண்டாவதில்லை. இதனை கால்வின் பிரிட்ஜசு 1916இல் காட்டினார். ஒய் நிறப்புரியின் நீண்ட கரத்தில் நான்கும் குறுங்கரத்தில் இரண்டுமாக ஆறு கருவளக் காரணிகள் உள்ளன எனப் பின்னர் அறியப்பட்டது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஈ மலடாகும்.

இக்காரணிகளில் கேஎல்-2, கேஎல்-3, கேஎல்-5 ஆகிய மூன்றும் டைனீன் என்ற இயக்கப் புரதத்தின் கனச் சங்கிலிகளை உருவாக்குகின்றன. விந்தணு வாலின் நுண்குழல்களை ஒன்றன்மீது ஒன்று சறுக்கச் செய்து வாலை வளைப்பது டைனீனே. கேஎல்-3 அல்லது கேஎல்-5 இழக்கப்பட்டால் வாலிலுள்ள டைனீனின் வெளிக்கரங்கள் காணப்படுவதில்லை. பழ ஈயின் விந்தணு ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் நீளமுடையது. மனித விந்தணுவைப்போல் முப்பது மடங்கு! ஈயின் உடலே மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாது.

நீந்தியும் சேராத விந்தணு

எல்லா மலட்டு ஈக்களிலும் விந்தணு அசைவற்றுக் கிடப்பதில்லை. பிகேடி2 மரபணு பழுதுற்ற ஆணின் விந்தணுக்கள் பார்வைக்குக் குறையற்றவை, அசையவும் செய்யும். ஆனால் பெண்ணின் உடலிலுள்ள விந்துச் சேமிப்பு உறுப்புகளை அவை சென்றடைவதில்லை என 2003இல் கண்டறியப்பட்டது. மனிதரில் இதே மரபணுவின் பிறழ்வு சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளைத் தோற்றுவிக்கிறது.

மனித மலட்டுத்தன்மையுடன் தொடர்பு

1996இல் விவரிக்கப்பட்ட பூல் என்னும் ஈ மரபணு, மனித ஒய் நிறப்புரியிலுள்ள டிஏஇசட் மரபணுக்களுக்கு உறவானது. டிஏஇசட் பகுதி இழக்கப்பட்ட ஆண்களில் விந்தணு மிகக் குறைவாகவோ அறவே இல்லாமலோ இருக்கும். ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராசு குழுவினர், விந்தணு அற்ற இந்திய ஆண்களில் இத்தகைய ஒய் இழப்புகளை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டனர். குழந்தையின்மைக்குப் பெண்ணையே முதலில் பழிக்கும் வழக்கமுள்ள சமூகத்தில் இவ்வகைச் சோதனையின் தேவை சிறிதன்று.

1992 முதல், ஒற்றை விந்தணுவை முட்டையினுள் நேரடியாகச் செலுத்தும் முறையால் இவர்களிற் சிலர் தந்தையாக முடிகிறது. ஆனால் ஒய் நிறப்புரி தந்தையிடமிருந்து மகனுக்கே செல்வதால், பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அதே இழப்பு வந்து சேரும். எனவே சிகிச்சைக்கு முன்பே மரபணுச் சோதனையும் ஆலோசனையும் பரிந்துரைக்கப்படுகின்றன.