வங்காளத்துக் குலோவும் நம்ம வீட்டு முறமும்

கொல்கத்தாவில் பல வருஷம் வாழ்ந்த தமிழ்க் குடும்பம், ஒரு வங்காளிக் கல்யாணத்துக்காவது போயிருக்கும். மணமக்களை வாசலில் எதிர்கொள்ளும் பெண்கள் கையில் ஒரு சித்திர முறம் இருக்கும். அதற்குப் 'பொரோன் குலோ' என்று பெயர். பொரோன் என்றால் வரவேற்பு. குலோ வேறொன்றுமில்லை, நம்ம வீட்டு முறந்தான். நெல், அறுகம்புல், விளக்கு, வெற்றிலை பாக்கு, மஞ்சள், செந்தூரம் எல்லாம் அதில் வைப்பார்கள்.

அதன்மேல் எழுதும் உருவங்கள் தாமரை, நெற்கதிர், மீன், சங்கு, லட்சுமி பாதம். தரையில் அரிசிமாவுக் கரைசலால் போடும் ஆல்பனாவிலும் இவைதான் வரும். விரதப் பெண்கள் எதை வேண்டினார்களோ அதையே கோலமாக எழுதினார்கள் என்பது அவனீந்திரநாத் தாகூரின் கருத்து. ஸ்வஸ்திகமும் உண்டு. வங்காளிக்கு அது மங்கலக்குறி. சமணராகிய எங்களுக்கோ அதன் நான்கு கைகள் தேவர், மனிதர், விலங்கு, நரகர் என்னும் நான்கு கதிகள்.

வியாபாரியான எனக்கு அதிகம் பிடித்தது லட்சுமியின் 'ஜாப்பி'. மூடி போட்ட சின்னப் பிரம்புக்கூடை, உள்ளே நெல், வெளியே வரிசையாகச் சோழி. சோழி ஏன்? அழகுக்கு என்பார்கள். மாலத்தீவிலிருந்து கப்பலில் வந்த சோழி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வங்காளத்தில் சில்லறைக் காசு. 1778 வாக்கில் ராபர்ட் லிண்ட்சே சில்ஹெட்டுக்கு அதிகாரியாக வந்தபோது கம்பெனிக்கு நிலவரியே சோழியாகத்தான் கட்டினார்கள். ஆக நெல்லும் ரொக்கமும் ஒரே கூடையில்! காசு செல்லாமல் போனது, கூடையில் மட்டும் இன்னும் செல்லுகிறது.

முறம் அழைக்க மட்டுமல்ல, விரட்டவும் உதவும். காளி பூஜை இரவில் பழைய குடும்பங்களில் அலட்சுமிக்கு, அதாவது நம்ம மூதேவிக்கு, சாணத்தில் உருவம் பிடித்து, பழைய முறத்தைத் தட்டிக்கொண்டே வெளியே கொண்டுபோய் விடுவார்கள். அம்மை நோய்க்குரிய சீதளா தேவிக்குத் தலையிலே முறம், கையிலே துடைப்பம், ஏறுவது கழுதை. நம்ம தவ்வைக்கும் துடைப்பமும் கழுதையும் உண்டு என்பது கவனிக்கத்தக்கது. மணியை நிறுத்தி உமியைத் தள்ளுகிற வேலையிலிருந்தே இந்த நம்பிக்கை பிறந்தது என்பது என் எண்ணம்.

சித்திரத்துக்குப் பொருள் சொல்பவர்கள் பின்னியவரைச் சொல்வதில்லை. மூங்கில் பிளந்து முறம் முடைவோர் வங்காளத்தில் பெரும்பாலும் டோம், மாஹாலி மக்கள். நம்ம பக்கம் மேதரரும் குறவரும். ஹரப்பிரசாத் சாஸ்திரி 1907இல் நேபாளத்தில் கண்டெடுத்து, 1916இல் வங்கீய சாகித்ய பரிஷத் வெளியிட்ட சர்யாபதங்களைப் பாருங்கள். வங்க மொழியின் மிகப் பழைய பாடல்கள் அவை (அசாமியரும் ஒடியரும் எங்களுடையது என்பார்கள், அது வேறு வழக்கு). காண்ஹபாதரின் பாட்டில் டோம் பெண்ணின் குடிசை ஊருக்கு வெளியே இருக்கிறது. அவள் விற்பது மூங்கில் கூடை. கூடை பூஜை அறைக்குள் போனது, அவள் வாசலிலேயே நின்றாள்.

அமெரிக்காவில் நவஹோ பழங்குடியினரின் கல்யாணக் கூடையிலும் பொருள் நிறைந்த சித்திரம் உண்டு. வட்டமான வண்ணப் பட்டையை ஓரிடத்தில் வெட்டி வழி விட்டிருப்பார்கள். சடங்கில் அந்த வழி கிழக்கே பார்க்க வேண்டும். பின்னுகிறவளுக்கு விலக்குகள் அதிகமானதால் பிற்காலத்தில் பல கூடைகளை யூட், பையூட் என்னும் அண்டை இனப் பெண்களே பின்னிக் கொடுத்தார்கள். அங்கேயும் சடங்கு ஒருவருக்கு, உழைப்பு வேறொருவருக்கு. ஆனால் அங்கே சடங்கின் கட்டுப்பாட்டுக்கு அஞ்சி வேலை கைமாறியது. இங்கே தொழிலைச் சொல்லியே ஆளைத் தள்ளி வைத்தோம்.

இன்று தசகர்மா பண்டார் கடைகளில் பெயிண்ட் அடித்து ஜிகினா ஒட்டிய குலோ கிடைக்கிறது. வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். பெயிண்ட் படாத அடிப்பக்கத்தில் மூங்கில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்குவது தெரியும். விளிம்பைக் கட்டிய முடிச்சும் அங்கேதான் இருக்கிறது.