பட்டமும் பணியும்

கற்றவனுக்கு வேலை கிட்டாதபோது, அவன் கற்றது போதாது என்று உலகம் எளிதில் தீர்ப்புரைத்துவிடுகிறது. சிங்கப்பூரின் கல்வி வரலாறு அத்தீர்ப்பை மறுக்கிறது. எவ்வளவு கற்றான் என்னும் வினாவை, எம்மொழியில் கற்றான் என்னும் வினா முந்திக்கொண்ட காலம் இங்கு நெடியது.

பிரிட்டிஷார் ஆட்சியில் அரசு அலுவலகங்களும் பெருவணிக நிறுவனங்களும் ஆங்கிலத்திலேயே இயங்கின. மலாயாவின் இரயில்வேயிலும் அரசுத் துறைகளிலும் எழுத்தர்களாய் அமர்ந்தோருள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். கிறித்துவ சமயத் தொண்டர்கள் அங்கு நிறுவிய பள்ளிகளில் அவர்கள் பெற்ற ஆங்கிலக் கல்வியே அதற்கு வழி கோலியது. அதே தாய்மொழியைப் பேசிய தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளோ, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் தொடக்க வகுப்புகளோடு நின்றனர். அவர்களுட் பெரும்பாலோரின் பாதை இரப்பர் மரத்தடியில் முடிந்தது.

1956ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு, நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பள்ளிக்கூடத்தில் சமத்துவம் பிறந்தது. ஆயினும், வேலை கொடுப்போரின் வாயிலில் அது நுழையவில்லை.

இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது நன்யாங் பல்கலைக்கழகத்தின் வரலாறு. செல்வர் டான் லார்க் சாய் 1953இல் தொடங்கிவைத்த முயற்சிக்குச் சீன மக்கள் வாரி வழங்கினர். திரிஷா ஓட்டுநர்களும் தம் ஒருநாள் வருவாயை ஈந்தனர். 1956இல் வகுப்புகள் தொடங்கின. அதன் தரத்தை ஆராய்ந்த பிரெஸ்காட் குழு, பட்டங்களை ஏற்பதற்கில்லை என்று 1959இல் அறிவித்தது. மறு ஆண்டே முதல் அணி மாணவர் பட்டம் பெற்று வெளிவந்தனர். அரசு அப்பட்டங்களுக்கு ஏற்பு நல்கியது 1968இல்தான். அதன் பின்னரும், ஆங்கிலத்தில் நடந்த பணியுலகில் அவர்களுக்குத் தடை முற்றும் நீங்கிற்றில்லை. 1980இல் அப்பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது.

தமிழர் நிலை இன்னும் நலிவுற்றது. கடையநல்லூர் மக்களின் முயற்சியால் 1946இல் தோன்றிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, 1960இல் உயர்நிலைக் கல்வியையும் தமிழிலேயே வழங்கத் தொடங்கியது. அதற்கு மேல் தமிழ்வழிக் கல்லூரியோ பல்கலைக்கழகமோ இந்நாட்டில் இல்லை. தமிழாசிரியப் பணி, தமிழ் இதழ், வானொலி ஆகிய சில துறைகளைத் தவிர, அங்குப் பயின்றோருக்குத் தம் கல்விக்கேற்ற பணி அரிதாயிற்று. பெற்றோர் இதனைக் கண்டுணர்ந்தனர். தமிழை நேசித்தவர்களும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே அனுப்பினர். மாணவர் குறைந்தமையால் 1982இல் அப்பள்ளி மூடப்பட்டது. 1987 முதல் நாடெங்கும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று.

அரசின் நோக்கிலும் நியாயம் இருந்தது. 1971இல் பிரிட்டிஷ் படைகளுட் பெரும்பகுதி வெளியேறிய சிறு தீவுக்கு, அயல்நாட்டு முதலீடே வாழ்வளித்தது. அம்முதலீடு ஆங்கிலம் அறிந்த தொழிலாளரை நாடியது. ஆனால், இம்மாற்றத்தின் விலையை நாடு முழுவதும் ஒருங்கே செலுத்தவில்லை. சமத்துவம் என்ற வாக்கை நம்பித் தாய்மொழியில் பயின்ற ஒரு தலைமுறையே அவ்விலையில் பெரும்பங்கைச் செலுத்தியது. அவர்கள் கற்கத் தவறியவர்கள் அல்லர். சமூகம் ஓர் அளவுகோலைத் தந்து படிக்கச் சொல்லிற்று. படித்து முடித்தபின் வேறோர் அளவுகோலால் அளந்தது. பணியின்றி நிற்கும் கற்றோரைக் குறைகூறுமுன், எந்த அளவுகோல் யார் கையில் இருந்தது என்று கேட்பதே முறையாகும்.