கடைசி வீட்டின் வோல்ட்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ் ஆகிய ஊர்களுக்கு ஹட்டன்பாக் என்னும் தனியார் நிறுவனம் மின்சாரம் விற்றுவந்த காலத்தில், அவ்வூர்களைச் சூழ்ந்த ரப்பர்த் தோட்டங்களில் பல தத்தம் டீசல் இஞ்சினையே நம்பியிருந்தன. மாலையில் அது ஓடத் தொடங்கியதும் துரை பங்களாவிலும் தொழிலாளர் லயங்களிலும் எரிந்த விளக்குகள், இரவில் அது நின்றதும் அணைந்தன. எரிபொருளை மிச்சப்படுத்த அன்று கைக்கொண்ட வழி, இஞ்சின் ஓடும் நேரத்தைக் குறைப்பது.

1949-இல் அமைந்த மத்திய மின்சார வாரியம் 1965-இல் லெம்பாகா லெட்ரிக் நெகாராவாகவும் 1990-இல் தெனாகா நேஷனலாகவும் உருமாறிய காலப்போக்கில், பொதுக் கம்பி தோட்டங்களையும் எட்டியது. நேரக் கட்டுப்பாடு ஒழிந்தாலும் தூரம் புதிய சிக்கலாயிற்று. மின்னழுத்தம், அதாவது மின்னோட்டத்தைக் கம்பியில் உந்தித் தள்ளும் அளவு, நீண்ட கம்பியில் செல்லச் செல்லக் குறையுமாதலால், கடைசி வீட்டில் அனுமதிக்கப்பட்ட குறைந்த அளவான 216 வோல்ட்டாவது நிற்கவேண்டுமெனத் தொடக்கத்தில் அதைக் கூட்டியே அனுப்ப வேண்டியிருந்தது. அதனால் மின்மாற்றிக்கு அருகிலுள்ள வீடுகள் தேவைக்கு மேல் பெற்றன. சிக்கனத்துக்கு இடமிருந்ததும் அந்த மிகையில்தான்.

இழை பல்பு உண்ணும் திறன் மின்னழுத்தம் இறங்கும் விகிதத்தைவிட வேகமாக இறங்குவதால், 240 வோல்ட் 230 ஆனால் செலவு ஏறத்தாழ 6 முதல் 7 விழுக்காடு குறையும். வெளிச்சம் அதைவிடவும் அதிகமாக மங்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தண்ணீர்ச் சூடேற்றியோ குறைந்த அழுத்தத்தில் கூடுதல் நேரம் ஓடி, மிச்சத்தைத் திருப்பிக் கேட்டுவிடும். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், மின்னழுத்தத்தைக் குறைத்துச் சேமிக்கும் இம்முறையைப் பரவலாகச் சோதித்த அமெரிக்காவில், 1 விழுக்காடு அழுத்தக் குறைப்புக்குக் கிடைத்த சேமிப்பு பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தது.

மலேசியா 2008 சனவரி 1 முதல் தன் பெயரளவு மின்னழுத்தத்தை 240-இலிருந்து 230 வோல்ட்டாக மாற்றியது. முன்பு 216 முதல் 252 வரை அனுமதிக்கப்பட்டது, பின்பு 216 முதல் 253 வரை என்றானது; ஏட்டில் பத்து வோல்ட் இறங்கினாலும் கம்பியில் ஒரு வோல்ட்கூட இறங்க வேண்டிய கட்டாயம் எழவில்லை. உண்மையில் இறக்க வேண்டுமானால் தடித்த கம்பி இழுக்கவேண்டும், மின்மாற்றியை வீடுகளுக்கு அருகே நகர்த்தவேண்டும், கடைசி வீட்டின் அளவை இடைவிடாது கண்காணிக்கவும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் வசதி பெருகிவரும் இந்நாளில், மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் தனக்கு வேண்டிய திறனை ஏறத்தாழ மாறாமல் இழுத்துக்கொள்ளும் எல்இடி விளக்குகள் இழை பல்பின் இடத்தைப் பிடித்துவிட்டன.