ஒரு முழப் பாறையில பல லட்சம் வருஷம்

திருத்தணி மலைக்கு 365 படி. படிக்கு ஒரு நாள், மொத்தம் ஒரு வருஷம்னு கணக்கு. டிசம்பர் 31 ராத்திரி படிக்குப் படி கற்பூரம் ஏத்தி, பாடிக்கிட்டே ஏறுற திருப்படித் திருவிழா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். போன தடவை ஏறும்போது பாதியில மூச்சு வாங்க உக்காந்தேன் (வயசு இல்லைங்க, தொப்பை!). இந்தப் பதிவுக்கு விதை விழுந்தது அங்கதான்.

படிக்கு ஒரு நாள் சரி. ஆடி மாசம் முழுசுக்கும் ஒரே ஒரு படிதான் இருந்தா என்ன ஆகும்? முப்பது நாளும் காவடி வருது. பூவும் விபூதியும் காத்துல பறந்து போயிடும். தேங்காய் ஓடு மட்டும் கனமா அங்கேயே கிடக்கும். ஒண்ணாம் தேதி உடைச்ச ஓடும் முப்பதாம் தேதி உடைச்ச ஓடும் பக்கத்துல பக்கத்துல. பின்னாடி வந்து பாக்கிறவர், "ஒரே நாள்ல இவ்ளோ தேங்காயா!"னு வாயைப் பிளப்பார்.

கடலுக்கடியில நிஜமாவே இப்படி நடந்திருக்கு. அதுக்கு நம்ம நாட்டுல பிரமாதமான சாட்சி குஜராத்தின் கட்ச்ல இருக்கு. பேரு 'தோசா ஊலைட்'. சிரிக்காதீங்க, நிஜப் பேரே அதான் :) கசகசா மாதிரி இரும்பு பூசின குட்டிக் குட்டி உருண்டைகள் நிறைஞ்ச பாறை. வயசு சுமார் 16 கோடி வருஷம், ஜுராசிக் காலம். அதோட உச்சியில ஒரு கூழாங்கல் படுகை இருக்கு. பல இடத்துல ஒரு மீட்டர்கூட கனம் இல்லை. ஆனா நூறு கிலோமீட்டருக்கு மேல தொடர்ந்து போகுது. தோசை மாதிரி மெலிசு, அகலம்!

எப்படி உருவாச்சு? கடல் மட்டம் ஏறினா ஆத்து மணல் கரையோரமே தங்கிடும், தூரத்துக்கு வராது. வர்ற கொஞ்ச நஞ்ச சேறையும் அலையும் நீரோட்டமும் அலசிட்டுப் போயிடும். சிப்பியும் அம்மோனைட் ஓடும் மட்டும் அடியில மிச்சம். புதைஞ்ச சேத்துக்குள்ள சுண்ணாம்பு இறுகி உருண்டைக் கட்டிகள் உண்டாகும். அப்புறம் ஒரு புயல் வந்து மேல் சேறை வாரிட்டுப் போகும், கட்டிகள் வெளியே வந்துடும். அதுல துளை போடுற சிப்பிகள் குடியேறும், வேற பூச்சிகள் ஒட்டி வளரும், மேல இரும்புப் பூச்சு படியும். அடுத்த புயல்ல கட்டி புரளும், மறுபக்கமும் துளை விழும். இப்படியே திரும்பத் திரும்ப. ஒரு கல்லோட எல்லாப் பக்கமும் துளை இருந்தா, அது கடலடியில ரொம்ப நாள் உருண்டு புரண்டதுன்னு அர்த்தம். சேறு சேர்ந்துக்கிட்டே இருக்கிற கடல்ல இது நடக்காது, கல் சீக்கிரமே மூடிப் போயிடும்.

இனி வரலாறு. 1872ல கட்ச் போனவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. நமக்கு வேண்டப்பட்டவர்தான். அரியலூர், திருச்சி பக்கத்துக் கிரட்டேசியஸ் கடல் உயிரிகளைப் பக்கம் பக்கமா விவரிச்ச மனுஷன். கட்ச் பாறைகளை பச்சம், சாரி, கட்ரோல், உமியான்னு நாலாப் பிரிச்சதும் அவர்தான். 1874ல யார்கண்ட் பயணத்துலேர்ந்து திரும்பும்போது லடாக்குல இறந்துட்டார். வயசு 36தான். அவரோட பிரிவுகளை 1873-75ல வாகன் தன்னோட அம்மோனைட் நூல்ல அச்சேத்தினார். 1927-33ல ஸ்பாத் அந்த அம்மோனைட்டுகளைத் திரும்ப ஆராய்ஞ்சார்.

பிரச்சினை இங்கதான். அம்மோனைட்தான் அந்தக் காலத்துக்குக் கடிகாரம். இந்த ஓடு கிடைச்சா இந்தக் காலம்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லலாம். ஆனா தோசாப் படுகையில வேற வேற காலத்து ஓடுகள் ஒண்ணா கிடக்கு. ஒரே படுகைதானேன்னு எல்லாத்தையும் ஒரே பையில அள்ளிப் போட்டா கடிகாரமே பொய் சொல்லும். ஒண்ணையொண்ணு பாத்தே இராத பிராணிகளைப் பக்கத்து வீட்டுக்காரங்க ஆக்கிடுவோம். 1992ல ஃபியூர்சிச், ஆஷ்மான், ஐ.பி.சிங், ஜெய்ட்லி நாலு பேரும் சேர்ந்து மேற்கு இந்திய ஜுராசிக்ல இந்த மாதிரி செறிந்த படுகைகளை விரிவா எழுதினாங்க. அவங்களுக்கு ஓட்டோட பேரு மட்டும் போதலை. தேய்ஞ்சிருக்கா, துளை இருக்கா, உள்ளே இருக்கிற மண்ணும் வெளியே இருக்கிற மண்ணும் ஒண்ணான்னும் பாக்கணும்.

இதையும் திருப்பதி மலைப்பாதையில இருக்கிற புகழ்பெற்ற இடைவெளிக் கோட்டையும் குழப்பிக்காதீங்க. அங்க பல கோடி வருஷப் பக்கங்களே கிழிஞ்சு போச்சு. இங்க பக்கங்கள் ஒட்டிக்கிச்சு. கவனமாப் பிரிச்சா கொஞ்சமாவது படிக்கலாம்.

படியில உக்காந்து எனக்குத் தோணினது வேற. திருத்தணி 1953 அக்டோபர் 1லேர்ந்து 1960 மார்ச் 31 வரை ஆந்திராவில இருந்துச்சு. ஆறரை வருஷம். ஊர்ப் பெரிசுங்க ஆரம்பிச்சா ம.பொ.சி., மறியல், ரயில்னு ஒரு ராத்திரி பத்தாது. அதே ஊர்ல பல்லவன் அபராஜிதன் காலத்து வீரட்டானேஸ்வரர் கோயில் இருக்கு. அங்கேர்ந்து வெள்ளைக்காரன் வர்ற வரைக்குமான எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்தைக் கேட்டா ரெண்டு வரியில முடிச்சுடுவாங்க. அந்த ரெண்டு வரியில பல்லவன், சோழன், நாயக்கர் எல்லாரும் ஒரே நாள்ல வாழ்ந்த மாதிரி கலந்து கிடப்பாங்க. "அந்தக் காலத்துல"ங்கிற ஒத்தைச் சொல்லு நம்மளோட தோசாப் படுகை.

கனத்தைப் பாத்து காலத்தை அளக்காதீங்க, அவ்ளோதான். உங்க ஊர்ல எது எதோட ஒட்டிக்கிடக்குன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: மிச்சப் படியும் ஏறிட்டேன். முருகன் சாட்சி.