பிரேக் இல்லாத தடத்தில் நெடுங்காலம்

மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்டி மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வண்டி ஓட்டியவர்களிடம் பிரேக்கின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது மலைப்பாதை ஓட்டுநர்களின் பாலபாடம். காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று பேருந்தில் குலுங்கியே வளர்ந்தவர்கள் இந்த மலரின் வாசகர்களில் பலர். பிரேக்கே பொருத்தப்படாத மோட்டார் சைக்கிளில் பந்தயம் விடுகிறார்கள் என்றால் அவர்களுக்கு முதலில் நம்பிக்கை வராது. அந்த வண்டியில் ஒருவர் 46 வயதில் உலகப் பட்டம் வென்றார் என்றால் இன்னும் வராது.

ஸ்பீட்வே என்ற அந்தப் பந்தயம் நீள்வட்டமான மண்தடத்தில் நடப்பது. நான்கு வீரர்கள், நான்கு சுற்றுகள், ஏறக்குறைய ஒரு நிமிடம். அவ்வளவில் ஒரு ஓட்டம் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1. கடைசியாக வருபவருக்கு ஒன்றுமில்லை. வண்டியில் 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், மெத்தனால் எரிபொருள், ஒரே ஒரு கியர். தடம் எப்போதும் இடப்பக்கம்தான் வளையும். வளைவு வந்ததும் வீரர் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை வலப்பக்கம் திருப்பி, இரும்பு அடிப்பகுதி பொருத்திய இடதுகால் பூட்ஸைத் தரையில் உரசவிட்டபடி திரும்புவார். வேகத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் வலக்கையில் உள்ள த்ராட்டில் ஒன்றால்தான். ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லாண்டில் 1923-இல் நடந்த பந்தயத்தை இதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். 1936-இல் லண்டன் வெம்ப்ளியில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது.

இருபது வயதில் இதை ஓட்டத் துணிச்சல் போதும். நாற்பதிலும் ஓட்டுவதற்கு வேறொன்று வேண்டும். அது என்ன என்பதுதான் பல காலமாக என்னை ஈர்த்துவரும் கேள்வி.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் மூன்று உலகச் சாம்பியன்களைத் தந்தது: ரோனி மூர், பாரி பிரிக்ஸ், ஐவன் மோகர். இவர்களில் பிரிக்ஸ் 1954 முதல் 1970 வரை 17 ஆண்டுகள் ஒன்றுகூட விடாமல் உலக இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றவர். 1957, 1958, 1964, 1966 என நான்கு பட்டங்கள். பட்டங்களைவிட அந்த 17-ஐத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பட்டம் ஒரே இரவில் கைகூடலாம். இறுதிப் போட்டிக்கு ஆண்டுதோறும் தகுதி பெறுவதென்றால் மழையில் குழைந்த தடம், பழுதான எஞ்சின், முறிந்த எலும்பு எல்லாவற்றையும் மீறிப் புள்ளி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 1972 இறுதிப் போட்டியில் விபத்தில் சிக்கி ஒரு விரலை இழந்தார். சில ஆண்டுகளில் மீண்டும் தடத்துக்கு வந்தார்.

மோகரின் கதை வேறு வகை. 1957-இல் பதினேழு வயதில் இங்கிலாந்துக்குப் போனார், சோபிக்கவில்லை, ஊர் திரும்பினார். 1963-இல் மறுபடியும் கப்பலேறி, அடியிலிருந்து தொடங்கினார். 1968-இல் முதல் பட்டம் கிடைத்தபோது வயது 28. அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவருக்கே. பிறகு 1972, 1977, 1979 என்று மொத்தம் ஆறு முறை வென்றார். கடைசி வெற்றி போலந்தில், நாற்பதை எட்டும் தறுவாயில். தோற்றுத் திரும்பிய பையனுக்கும் ஆறு முறை சாம்பியனுக்கும் இடையே இருந்தது வண்டியின் ஒவ்வொரு போல்ட்டையும் தானே சரிபார்க்கும் ஒழுங்கு. அவரோடு மோதியவர்களே அதை வியந்திருக்கிறார்கள்.

46 வயதில் வென்றவர் கலிஃபோர்னியாவின் கிரெக் ஹேன்காக். முதல் பட்டம் 1997-இல். இரண்டாவதற்கு 14 ஆண்டுகள் காத்திருந்தார். 2011-இல் 41 வயதில் அது வந்தது. பிறகு 2014, 2016. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் அவர் ஓய்ந்து கிடக்கவில்லை. பட்டம் வேறொருவருக்குப் போகலாம் என்று தெரிந்தும் பருவந்தோறும் ஓட்டிக்கொண்டே இருந்தார். எஞ்சினை மாற்றினார், தன்னைவிட இருபது வயது இளையவர்களோடு தொடக்கக் கோட்டில் நின்றார். மனைவியின் உடல்நலம் கருதி 2019 பருவம் முழுவதும் ஒதுங்கியிருந்து, 2020-இல் ஓய்வை அறிவித்தார்.

நம் மண்ணில் ஸ்பீட்வே வேரூன்றவில்லை. ஆனால் மோட்டார் பந்தயம் ஆழமாகவே வேரூன்றியது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயங்கள் நடத்தியது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்தது. கோவையில் எஸ். கரிவரதன் தாமே பந்தயக் கார்களை வடிவமைத்து, ஓட்டுநர்களையும் உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கும் தார்த்தடமே, மண்தடம் அல்ல.

அந்தக் கோவையிலிருந்து வந்தவர் நாராயண் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். 2005 இண்டியானாபொலிஸில் டயர் பிரச்சினையால் பெரும்பாலான அணிகள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றதும் பலருக்கு நினைவிருக்கும். நம் பத்திரிகைகள் அவரை அங்கேயே நிறுத்திவிட்டன. எனக்கு அவர் வாழ்வின் மிகச் செழிப்பான பகுதி அதற்குப் பிறகுதான்.

ஃபார்முலா ஒன் கதவு மூடியதும் ஏ1 ஜிபி தொடரில் இந்திய அணிக்காக ஓட்டினார். 2007-இல் சீனாவின் ஜூஹாயில் வென்றார். 2010-இல் அமெரிக்காவுக்குப் போய் நாஸ்கார் ட்ரக் பந்தயத்தில் இறங்கினார். அதிவேகத் தார்ச்சாலைக் கார்களில் தேறியவர், மார்ட்டின்ஸ்வில்லின் குட்டை நீள்வட்டத்தில், முட்டி மோதும் பிக்கப் வண்டிகளுக்கு நடுவே புதுமுகமாக நின்றார். அந்த ஆண்டு அத்தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராக ரசிகர்கள் அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். 2011, 2012-இல் எச்ஆர்டி அணியோடு மீண்டும் ஃபார்முலா ஒன். 2014-இல், 37 வயதில், ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா. அங்கே ஐந்து பருவங்கள். பிறகு கூரையுள்ள சூப்பர் ஜிடி கார். 2019 நவம்பரில் ஃபூஜி தடத்தில் ஜெர்மானிய டிடிஎம் கார்களும் சூப்பர் ஜிடி கார்களும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் முதலிடம் பிடித்தபோது அவருக்கு 42 வயது. 2021-லும் ஆசிய லெ மான்ஸ் தொடரில் ஓட்டினார். 1993-இல் ஃபார்முலா மாருதியில் தொடங்கிய பயணம் அது.

மோகரையும் ஹேன்காக்கையும் இவரையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது என் கேள்விக்கு விடை கிடைக்கிறது. உச்சியில் இருந்தவர் மறுபடியும் கடைசி வரிசையில் நிற்கக் கூசாதபோதுதான் பந்தய வாழ்வு நீள்கிறது. தசை வலிமையும் கண்ணின் கூர்மையும் முப்பத்தைந்துக்குப் பிறகு எல்லோருக்கும் குறையும். புதிய தடத்தை, புதிய டயரை, தெரியாத மொழி பேசும் மெக்கானிக்கை மாணவனாக அணுகும் மனம் சிலருக்கே மிஞ்சுகிறது. நடிகர் அஜித் குமார் 2010-இல் ஐரோப்பிய ஃபார்முலா டூவில் ஓட்டிய பின் நெடுங்காலம் விலகியிருந்து, 2025 ஜனவரியில் 53 வயதில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குத் திரும்பியதையும் நான் இந்த வகையில்தான் வைப்பேன். அவரது அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றது.

இதில் பணத்தின் பங்கை மறைப்பது நேர்மையாகாது. கார் பந்தயம் வசதி படைத்த குடும்பங்களின் துணையோடுதான் இங்கே வளர்ந்தது. எஸ்டேட் லைன் வீட்டுப் பையனுக்கு அது எட்டாத தூரம். ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 1982-இல் பந்தய அணி தொடங்கி வீரர்களைத் தானே தாங்கியதால், இருசக்கரப் பந்தயத்தில் அந்தத் தூரம் கொஞ்சம் குறைந்தது. அந்த வழி இன்னும் அகலமாக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னொன்றையும் இந்த மலரில் சொல்லாமல் விட முடியாது. ஹேன்காக் எப்போது நிறுத்துவது என்பதைத் தானே முடிவு செய்தார். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட மாஞ்சோலை மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. குத்தகை முடியும் முன்பே, 2024-இல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் அவர்களின் வேலை முடித்துவைக்கப்பட்டது. நெடுங்கால உழைப்பைப் போற்றும் எந்தக் கட்டுரையும் அவர்களைப் போற்றாமல் முழுமையாகாது.

போற்றுவதற்குப் பதிவும் வேண்டும். சோழவரத்தில் ஆண்டுக்கணக்காக ஓட்டிய மோட்டார் சைக்கிள் வீரர்களின் வரலாறு தமிழில் நூலாக வர வேண்டும். பிரிக்ஸின் ஒவ்வொரு இறுதிப் போட்டியும் எத்தனை புள்ளி என்பதுவரை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. நம்மவர்களின் பெயர்கள் பழைய நாளிதழ்களிலும், பந்தய நாளில் விற்ற நிகழ்ச்சி நிரல்களிலும், அவர்களின் வண்டியைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குகளின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. அந்த மெக்கானிக்குகள் முதுமையில் இருக்கிறார்கள். நூலை அவர்களிடம் உட்கார்ந்து கேட்பதிலிருந்து தொடங்கலாம்.