கண்ணில் படாத தெள்ளு: நாயின் கோடை அரிப்புக்குக் காரணம் கண்ட வரலாறு

தெள்ளுப்பூச்சி கடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் இறங்குகிறது. சில நாய்களுக்கு அந்த எச்சில் ஒத்துக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும். நாள்கணக்கில் அரிப்பு அடங்காது. வாலின் அடி, இடுப்பு, பின்தொடை, அடிவயிறு என்று உடலின் பின்பாதியை அது கடித்துக் கடித்தே முடியை இழக்கும். தோல் சிவந்து, புண்ணாகி, நாளடைவில் கறுத்துத் தடித்துவிடும். நாய்களுக்கு வரும் ஒவ்வாமைத் தோல்நோய்களில் மிகப் பரவலானவற்றுள் இதுவும் ஒன்று. இருந்தும் இதன் காரணத்தை உறுதியாகச் சொல்ல மருத்துவத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி பிடித்தது. அதற்கு நாயின் பல்லும் நாக்கும் முக்கியக் காரணம். அரிப்பு தாங்காத நாய் ஓயாமல் நக்கியும் கடித்தும் தன் மேலுள்ள தெள்ளுகளை விழுங்கிவிடுகிறது. நோய் முற்றிய நாயின் மேல்தான் தெள்ளைக் காண்பது அரிது.

பூச்சியைப் பற்றிய அறிவுக்குக் குறைவிருக்கவில்லை. இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட நுண்ணோக்கிப் படங்களில் தெள்ளின் படம் மிகப் புகழ்பெற்றது. தெள்ளு புழுதியில் தானாகத் தோன்றுவதில்லை, முட்டையிலிருந்து புழுவாகிக் கூட்டுப்புழுவாகி வருகிறது என்பதை ஹாலந்தின் லீவன்ஹூக் காட்டினார். நாய்த்தெள்ளு 1826இலும் பூனைத்தெள்ளு 1835இலும் தனித்தனி இனங்களாக விவரிக்கப்பட்டன. இந்தப் பெயர்களை நம்பிவிட முடியாது. உலகின் பல நாடுகளில் நாயின் மேல் அதிகம் காணப்படுவது பூனைத்தெள்ளுதான். தெற்காசிய நாய்களில் அதன் நெருங்கிய உறவான ஓரியன்டிஸ் என்ற இனம் பரவலாக உள்ளது. 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன், கொள்ளைநோயை எலியிலிருந்து எலிக்குக் கொண்டுபோவது தெள்ளு என்று சோதனையால் காட்டினார். அதன்பின் தெள்ளு ஆராய்ச்சி வேகம் பிடித்தது. ஆனால் அந்த ஆராய்ச்சியின் கண்ணெல்லாம் தெள்ளு சுமந்து வரும் கிருமியின் மேலேயே இருந்தது. அதன் எச்சிலை யாரும் பொருட்படுத்தவில்லை.

நாயின் தோல்நோயைப் பொறுத்தவரை நெடுங்காலம் ஒரே பெயர்தான் புழங்கியது. தமிழில் முடி கொட்டி அரித்துக்கொண்டிருக்கும் எந்த நாயும் ‘சொறிநாய்’ ஆகிவிடுவதைப் போலவே ஐரோப்பிய வைத்திய நூல்களிலும் எல்லாமே சொறி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கின. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் சொறிச் சிற்றுண்ணி தெரியும் என்று 19ஆம் நூற்றாண்டில் தெளிவானபோது சொறி தனி நோயாகப் பிரிந்தது. சுரண்டிப் பார்த்தும் எதுவும் தென்படாத நாய்கள் ‘எக்சிமா’ என்ற பெயருக்குள் போயின. கோடையில் வந்து குளிரில் தணிந்ததால் அது ‘கோடை எக்சிமா’ ஆயிற்று. வெயில், இரத்தச் சூடு, மாவுத் தீனி, ஈரப் புல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். தெள்ளும் கோடையில்தான் பெருகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இரண்டையும் முடிச்சுப் போட ஒரு கருத்து தேவைப்பட்டது.

அந்தக் கருத்து பிறந்ததே நாயின் உடலில்தான். பிரான்சின் போர்ட்டியேவும் ரிஷேவும் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திச் சோதித்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நெப்டியூன் என்ற நாய், சில வாரங்கள் கழித்துப் போட்ட மறு ஊசியில் அரை மணி நேரத்துக்குள் இறந்தது. பாதுகாக்க வேண்டிய உடலே தன்னை அழிக்கக்கூடும் என்பதை அவர்கள் 1902இல் அறிவித்தார்கள். 1906இல் வியன்னாவின் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே ஒவ்வாமையைக் குறிக்கும் ‘அலர்ஜி’ என்ற சொல்லை ஆக்கினார். நாயின் உயிரை விலையாகக் கொடுத்துப் பெற்ற இந்த அறிவு, நாயின் அரிப்புக்குப் பயன்பட மேலும் ஒரு தலைமுறை ஆனது.

1938இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆல்ஃபிரட் கிஸ்ஸிலெஃப், கோடை எக்சிமாவுக்குத் தெள்ளே காரணி என்று அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் எழுதினார். இந்த நோயின் வரலாற்றில் திருப்பம் அதுதான். ஆனாலும் பழைய பெயர் உடனே மறையவில்லை. 1950களில் கார்ட்டிசோன் வகை மருந்துகள் வந்தது இன்னொரு தடையாயிற்று. எந்தக் காரணத்தால் வந்த அரிப்பையும் அவை அடக்கிவிடும்; நாய் தூங்கியதும் காரணம் தேடும் அவசரமும் தூங்கிவிட்டது.

1960களின் தொடக்கத்தில் சான்ஃபிரான்சிஸ்கோவில் பெஞ்சமினி, ஃபைன்கோல்ட், கார்ட்மன் ஆகிய ஆய்வாளர்கள் தெள்ளின் எச்சிலையே தனியாகப் பிடித்தார்கள். தெள்ளுகளை ஒரு மெல்லிய சவ்வின் வழியே துளைக்க வைத்து, அவை உமிழ்ந்ததைச் சேகரித்தார்கள். கினிப் பன்றிகளைத் தொடர்ந்து கடிக்க விட்டபோது ஒரு வரிசை தெரிந்தது. முதலில் எதுவும் இல்லை. பிறகு ஒரு நாள் கழித்துத் தடிப்பு. பிறகு உடனடித் தடிப்பும் தாமதத் தடிப்பும் சேர்ந்து. பிறகு உடனடித் தடிப்பு மட்டும். கடைசியில் மறுபடி எதுவும் இல்லை. தொடர்ந்து கடிபட்டால் உடல் அடங்கிப்போகக்கூடும் என்ற இந்தக் கடைசிப் படி பின்னாளில் பெரிதும் பயன்பட்டது.

1970களின் தொடக்கத்தில் நாயின் ஒவ்வாமை எதிர்ப்பொருளான ஐஜிஇ இனங்காணப்பட்டது. அதில் பங்கேற்ற ரிச்சர்ட் ஹாலிவெல் 1980களில் தெள்ளு ஒவ்வாமையைத் தொடர்ந்து ஆராய்ந்தார். விட்டுவிட்டுக் கடிபட்ட நாய்களுக்கு நோய் எளிதில் வந்தது. நாள்தோறும் கடிபட்டவற்றுக்கு வருவது குறைந்தது அல்லது தாமதமானது. தெருவில் தெள்ளு மொய்க்க அமைதியாகப் படுத்திருக்கும் நாயும், குளிப்பாட்டி வளர்த்தும் அரிப்பில் தவிக்கும் வீட்டு நாயும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது. நாயை அன்போடு வளர்ப்பவர் ‘எங்கள் நாய்க்குத் தெள்ளே கிடையாது’ என்று சொல்லும்போது அவர் பொய் சொல்வதில்லை.

கண்ணால் காண முடியாததை ஊசியால் காட்டும் முறையும் இதே காலத்தில் நிலைபெற்றது. நாயின் விலாவில் முடியை மழித்து, தெள்ளு முழுவதையும் அரைத்தெடுத்த சாற்றை ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்து, 0.05 மில்லி அளவு தோலுக்குள் ஏற்றுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் வெறும் உப்புநீர் ஓர் ஊசி, ஹிஸ்டமின் ஓர் ஊசி. 15 முதல் 20 நிமிடங்களில் தெள்ளுச்சாறு ஏறிய இடம் வீங்கிச் சிவந்தால் உடனடி ஒவ்வாமை. ஆனால் சில நாய்களுக்குத் தடிப்பு 24 அல்லது 48 மணி நேரம் கழித்தே வரும். ஐஜிஇ அளக்கும் இரத்தப் பரிசோதனை அத்தகைய நாய்களைத் தவறவிட்டுவிடும். எச்சிலிலுள்ள முதன்மையான ஒவ்வாமைப் புரதம் ஒன்று 2000இல் பிரித்தறியப்பட்டதால் சோதனைகள் கூர்மையடைந்தன. எனினும் சோதனை சொல்வது நாய்க்கு ஒவ்வாமை உண்டு என்பதை மட்டுமே. இப்போதைய அரிப்புக்கு அதுதான் காரணமா என்பதை அது சொல்லாது. தெள்ளுச்சாற்றைத் தொடர்ந்து ஊசியாகப் போட்டு உடலைப் பழக்கும் முயற்சியும் நம்பத்தக்க பலன் தரவில்லை.

அதனால் பழைய எளிய வழி இன்றும் முதலிடத்தில் நிற்கிறது. நெருக்கமான பல்லுள்ள பேன்சீப்பால் வாலடியிலிருந்து முதுகுவரை வாருவார்கள். சீப்பில் முடியோடு மிளகுத்தூள் போல் கருந்துகள் வரும். அதை நனைத்த வெள்ளைத்தாளில் உதறி ஒரு நிமிடம் விட்டால், மண்ணானால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமானால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செங்காவி வட்டம் படரும். அது நாயின் சொந்த இரத்தம். பெண் பூனைத்தெள்ளு நாளொன்றுக்கு 13.6 மைக்ரோலிட்டர் இரத்தம், அதாவது தன் எடையைப்போல் சுமார் 15 மடங்கு குடிக்கிறது என்று மைக்கேல் டிரைடனின் ஆய்வு 1991இல் கணக்கிட்டது. குடித்ததில் பெரும்பங்கு செரிக்காமல் வெளியேறுவதால்தான் தாளில் அந்தச் சிவப்பு. தமிழ்நாட்டு வீடுகளில் நாய் என்றதும் தேடுவது உண்ணியைத்தான். உண்ணி காதுமடலில் ஒட்டிக்கொண்டு கைக்கு அகப்படும், தெள்ளு முடிக்குள் ஓடி மறையும். இந்தத் தாள்சோதனை இங்கே இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும்.

நோயறிதலை உண்மையில் உறுதிப்படுத்தியது மருந்துதான். தூள், முக்கி எடுக்கும் கரைசல், கழுத்துப்பட்டை என்றிருந்த காலத்தில் சிகிச்சை தோற்றால், நோயைத் தவறாகக் கணித்தோமா அல்லது தெள்ளு சாகவில்லையா என்று சொல்ல முடியவில்லை. முட்டைகள் நாயிலிருந்து உதிர்ந்து பாயிலும் தரை இடுக்கிலும் விழுகின்றன; கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருக்கும். 1990களில் முதுகில் விடும் ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் சொட்டுமருந்துகளும், 2013-14 முதல் ஐசாக்சசோலின் வகை வாய்வழி மருந்துகளும் வந்தபின் தெள்ளை முழுமையாக ஒழிப்பது நடைமுறையில் சாத்தியமாயிற்று. வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒன்றிரண்டு மாதம் தவறாமல் கொடுத்து அரிப்பு அடங்கினால், சீப்பில் ஒரு தெள்ளுகூட வராவிட்டாலும், நோய் உறுதி.

உணவு ஒவ்வாமை, தூசி ஒவ்வாமை ஆகியவற்றைத் தேடப் புகுமுன் இந்தச் சோதனைச் சிகிச்சையை முடித்துவிடுவதே இன்றைய வழக்கம். ஒரே நாய்க்கு இரண்டு ஒவ்வாமைகள் இருப்பதும் உண்டு. தெள்ளை விலக்கியபின் பாதத்திலும் காதிலும் மிஞ்சும் அரிப்பே அடுத்த நோயைக் காட்டித் தருகிறது.